பலமாடிக் கட்டிடத்துக்கு எனர்ஜி மாடல் போடுவது எப்படி?

எனர்ஜி மாடல் என்பது, ஒரு கட்டிடத்துக்கு எவ்வளவு குளிரூட்டலும் மின்சாரமும் வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடும் மாதிரி. பத்து மாடி அலுவலகக் கட்டிடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்லாத் தளத்துக்கும் பிளான் ஒன்றுதான். சுவரும் ஜன்னலும் ஒன்றுதான், உள்ளே உட்காரும் ஆட்களின் எண்ணிக்கையும் ஒன்றுதான். ஆனாலும் உச்சித் தளம் மேலிருந்தும் வெயில் வாங்குகிறது. தரைத்தளம் மண்ணோடு வெப்பத்தைக் கொடுத்து வாங்குகிறது. இடையிலுள்ள எட்டுத் தளங்களுக்கு மேலேயும் கீழேயும் இருப்பது தன்னைப் போலவே குளிரூட்டிய இன்னொரு தளம். ஒரே பிளான் என்றாலும் வெப்பக் கணக்கில் இவை மூன்று வகைக் கட்டிடங்கள்.

பலமாடி மாடலில் நாம் செய்யும் வேலையில் பெரும்பகுதி, இந்த வேறுபாட்டை மென்பொருளுக்குப் புரியவைப்பதுதான். ஒவ்வொரு சுவர், தரை, கூரையைப் பார்த்தும் ஒரே கேள்வியைக் கேட்கப் பழகுங்கள்: இதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? வெளிக்காற்றா, மண்ணா, இன்னொரு அறையா, வெப்பம் கடக்காத எல்லையா? இதற்குச் சரியான பதில் இல்லாத மாடல், திரையில் எவ்வளவு அழகாக இருந்தாலும் தப்பான எண்ணைத்தான் தரும்.

தொடங்கும் முன்

இந்தத் துறையில் அதிகம் புழங்கும் கணக்கீட்டு இயந்திரம் எனர்ஜிபிளஸ். பிளாஸ்ட், டிஓஈ-2 என்ற இரண்டு பழைய நிரல்களின் வாரிசாக அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆதரவில் 2001-ல் வெளிவந்தது. இலவசம். ஆனால் அதில் படம் வரையும் வசதி கிடையாது. அதனால் ஸ்கெட்ச்அப்போடு சேர்ந்து வேலை செய்யும் ஓப்பன்ஸ்டூடியோ, அல்லது டிசைன்பில்டர், ஹனிபீ போன்ற ஒன்றை முன்பக்கமாக வைத்துக்கொள்கிறோம். கீழே சொல்லும் வரிசை எல்லாவற்றுக்கும் பொருந்தும், மெனுக்கள்தான் மாறும்.

கட்டிடம் இருக்கும் ஊருக்கான வானிலைக் கோப்பு வேண்டும். இ.பி.டபிள்யூ. வடிவக் கோப்பில் ஓர் ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் வெப்பநிலை, ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் இருக்கும். அது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட ஆண்டின் பதிவாக இருக்காது. பல ஆண்டுப் பதிவுகளிலிருந்து மாதவாரியாகப் பொறுக்கிச் சேர்த்த ‘வழக்கமான ஆண்டு’ அது. ஏசியின் அளவைத் தீர்மானிக்க, கடும் வெப்ப, கடும் குளிர் நாட்களைக் கொண்ட டிசைன் டே கோப்பு தனியாக வரும். இரண்டையும் ஒரே நிலையத்திலிருந்து எடுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்: இந்த மாடல் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்? இரண்டு வகைக் கண்ணாடியை ஒப்பிடுவதற்கு வேண்டிய நுணுக்கம் வேறு, ஒவ்வொரு அறைக்கும் ஏசி அளவு போடுவதற்கு வேண்டிய நுணுக்கம் வேறு. கேள்வி தெளிவாக இல்லாமல் வரைய உட்கார்ந்தால் கழிப்பறைக் கதவு வரை வரைந்துகொண்டிருப்போம்.

பிளானைச் சுருக்குங்கள்

ஆர்க்கிடெக்ட் தரும் வரைபடம் கட்டுவதற்கானது. அதிலுள்ள தூண், கைப்பிடிச் சுவர், நாற்காலி, மேசை எதுவும் நமக்கு வேண்டாம். ஒரே ஏசியில், ஒரே வெப்பநிலையில், ஒரே மாதிரிப் பயன்பாட்டில் இருக்கும் அறைகளைச் சேர்த்து ஒரே இடமாக வரையலாம்.

எனர்ஜிபிளஸில் சுவருக்குத் தடிமன் வரைவதில்லை. சுவர் என்பது வெறும் ஒரு தட்டையான பரப்பு. அதன் தடிமன் பொருள் அடுக்குகளில்தான் போய்ச் சேரும். எனவே எந்தக் கோட்டில் வரைவது என்ற கேள்வி வரும். வெளிச்சுவருக்கு வெளி விளிம்பு, உள்சுவருக்கு நடுக்கோடு என்று வைத்துக்கொள்வது வசதி. எதை வைத்தாலும் எல்லாத் தளத்திலும் அதையே வையுங்கள். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஒரு கணக்கு: நம் கட்டிடம் 40 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், சுற்றளவு 130 மீட்டர். தரைத்தளத்தை வெளி விளிம்பிலும் முதல் தளத்தை 20 செ.மீ. தள்ளி உள் விளிம்பிலும் வரைந்துவிட்டீர்கள் என்றால், தரைத்தளத்தின் மேல் 20 செ.மீ. அகலத்தில் ஒரு வளையம் திறந்தே கிடக்கும். அதன் பரப்பு ஏறக்குறைய 26 சதுர மீட்டர். மென்பொருள் அதை மொட்டைமாடி என்று எடுத்துக்கொண்டு நாள் முழுக்க வெயிலைக் கொட்டும். படத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும்தான் தெரியும்.

ஸோன் பிரிப்பது

ஒரு தெர்மோஸ்டாட் ஆளும் இடத்தை ஒரு ஸோன் என்று எண்ணுங்கள். உள் அறைப் பிரிவுகள் இன்னும் முடிவாகாத அலுவலகத் தளத்துக்கு நடைமுறையில் உள்ள வழி, நான்கு திசைக்கும் ஓரமாக நான்கு ஸோன், நடுவில் ஒன்று என ஐந்தாகப் பிரிப்பது. ஓர ஸோனின் ஆழம் ஏறத்தாழ 4.5 மீட்டர், ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் 90.1 கட்டிட எரிசக்தித் தரத்திலுள்ள 15 அடி இதுதான்.

நம் தளத்தில் 4.5 மீட்டர் ஓரம் விட்டால் நடுவில் மிஞ்சுவது 31-க்கு 16, அதாவது 496 சதுர மீட்டர். மொத்தம் 1,000-ல் பாதி! இந்தப் பாதிக்கு வெயிலும் தெரியாது, வெளிக்குளிரும் தெரியாது. ஆட்கள், விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்கு 30 வாட் வெப்பம் தருகின்றன என்று கொண்டால் நடு ஸோனில் மட்டும் 15 கிலோவாட் சேருகிறது. வெளியே குளிர் நடுக்கினாலும் இங்கே குளிரூட்டல் வேண்டியிருக்கும். தளம் முழுவதையும் ஒரே ஸோனாக வரைந்தால், ஓரத்தில் இழக்கும் வெப்பமும் நடுவில் சேரும் வெப்பமும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, நிஜத்தைவிடக் குறைவான மின்தேவையைக் காட்டும். காலையில் கிழக்கும் மாலையில் மேற்கும் காய்வதும் அப்படியே கரைந்துபோகும்.

எல் வடிவ ஸோன்களைத் தவிர்த்தால் நல்லது. ஜன்னல் வழியே வரும் வெயில் உள்ளே எந்தப் பரப்பில் விழுகிறது என்று துல்லியமாகக் கணக்கிடும் அமைப்பு, உள்மடிப்பு இல்லாத குவிந்த வடிவ ஸோன்களில்தான் சரியாக வேலை செய்யும்.

தளங்களை அடுக்குவது

உயரத்தை ஸ்லாபிலிருந்து ஸ்லாப் வரை எடுங்கள். பொய்க்கூரைக்கு மேலுள்ள வெளி, திரும்பிப்போகும் காற்று ஓடும் பாதையாக இருந்தால் அதைத் தனி ஸோனாக வரையலாம். இல்லாவிட்டால் அறையோடு சேர்த்துவிடலாம். நம் கட்டிடத்தில் தளத்துக்கு 3.6 மீட்டர், மொத்தம் 36 மீட்டர்.

வடக்குத் திசையை இப்போதே சரிபாருங்கள். வரைபடத்தின் மேல்பக்கம் எப்போதும் வடக்கு அல்ல. கட்டிடத்தை அச்சுக்கு நேராகவே வரைந்துவிட்டு, வடக்குக் கோணத்தைத் தனியாக அமைப்பில் கொடுப்பது வசதி.

ஒவ்வொரு இடத்துக்கும் தளமும் திசையும் தெரியும்படி பெயர் வையுங்கள்: ‘தளம்5_மேற்கு’ என்பது போல. மென்பொருள் தானாக வைக்கும் எண்களோடு ஐம்பது ஸோன் இருந்தால், பிழைச் செய்தியில் வரும் சுவர் எங்கே இருக்கிறது என்று தேடியே பொழுது போய்விடும்.

அந்தப் பக்கம் என்ன?

தளங்களை அடுக்கிய உடனே முதல் தளத்தின் தரையும் தரைத்தளத்தின் கூரையும் படத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் மென்பொருளுக்கு அவை இன்னும் இரண்டு தனிப் பரப்புகள். இரண்டும் வெளிக்காற்றைப் பார்ப்பதாகத்தான் எண்ணிக்கொண்டிருக்கும். இவற்றை ஜோடி சேர்க்க வேண்டும்.

இதற்கு இரண்டு செயல்கள். முதலில் வெட்டுதல்: மேல்தளத்தின் அறைக்கோடுகளும் கீழ்த்தளத்தின் அறைக்கோடுகளும் எங்கெங்கே குறுக்கிடுகின்றனவோ அங்கெல்லாம் பரப்புகளைத் துண்டாக்க வேண்டும். பிறகு பொருத்துதல்: ஒரே அளவுள்ள துண்டுகளை எதிரெதிராக இணைக்க வேண்டும். ஓப்பன்ஸ்டூடியோவில் இரண்டும் ஒவ்வொரு சொடுக்கில் முடியும். வெட்டும் முன் கோப்பை வேறு பெயரில் சேமித்துவிடுங்கள், ஏனென்றால் வெட்டியதைப் பழையபடி ஒட்டுவது பெரும்பாடு. தளத்துக்குத் தளம் அறைக்கோடுகள் சில சென்டிமீட்டர் விலகியிருந்தால், ஊசி போன்ற முக்கோணத் துண்டுகள் நிறைய உண்டாகும். எல்லாத் தளத்தையும் ஒரே கட்டக்கோடுகளின் (கிரிட்) மேல் வைத்து வரைந்தால் இந்தத் தொல்லை இல்லை.

முடிந்ததும் எல்லை நிலைக்கு ஏற்ப வண்ணம் காட்டும் பார்வைக்கு மாறுங்கள். வெளிக்காற்றைப் பார்க்கும் பரப்பு நீலம், இன்னொரு அறையைப் பார்ப்பது பச்சை. இனி ஒவ்வொரு தளத்தின் உள்ளேயும் போய்ப் பாருங்கள். தளத்துக்கு நடுவே எங்காவது நீலம் தெரிந்தால் அங்கே ஜோடி சேரவில்லை என்று அர்த்தம். கட்டிடத்துக்கு நடுவில் வெயில் படும் ஒரு கூரையை விட்டுவைத்திருக்கிறீர்கள். இந்தச் சோதனையைத் தளம் தளமாகப் பொறுமையாகச் செய்யுங்கள். வேறு எந்தச் சோதனையைவிடவும் இதில்தான் அதிகத் தவறுகள் சிக்குகின்றன.

கையால் ஆயத்தொலைவு எழுதுபவர்கள் கவனிக்க: பரப்பின் முனைகளை வெளியிலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வரும்படி கொடுப்பதுதான் வழக்கம். மாற்றிக் கொடுத்தால் சுவரின் வெளிப்பக்கம் அறைக்குள் திரும்பிவிடும். பொருள் அடுக்குகளையும் வெளியிலிருந்து உள்ளாக அடுக்க வேண்டும். அதனால் இரு தளங்களுக்கு இடைப்பட்ட ஸ்லாபுக்கு, மேல் ஸோனின் தரையாக ஒரு வரிசையும் கீழ் ஸோனின் கூரையாக அதன் தலைகீழ் வரிசையும் இருக்கும்.

தரைத்தளத்தின் தரையை மண்ணோடு இணையுங்கள். கீழே திறந்த வண்டி நிறுத்தம் இருந்தால் அது மண்ணைத் தொடுவதில்லை, வெளிக்காற்றைத்தான் தொடுகிறது. மண்ணின் வெப்பநிலையில் புதியவர்கள் அடிக்கடி சறுக்குவார்கள். வானிலைக் கோப்பின் தலைப்பில் மண் வெப்பநிலை என்று சில எண்கள் இருக்கும். அவை கட்டிடம் எதுவும் இல்லாத வெற்றுநிலத்துக்கு உரியவை. ஸ்லாபுக்கு அடியில் அப்படியே போடக் கூடாது. ஸ்லாபுக்கு அடியில் இருப்பது கட்டிடத்தின் வெப்பம் இறங்கியிருக்கும் மண். நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் எனர்ஜிபிளஸ் 18 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். பெரிய வணிகக் கட்டிடத்துக்குத் தொடக்க மதிப்பாக, உள்வெப்பநிலையின் மாதச் சராசரியைவிட 2 டிகிரி குறைவாக வைக்கலாம். உள்ளே 24 என்றால் 22. துல்லியம் வேண்டுமானால் கிவா என்ற அடித்தளக் கணக்கீடு இருக்கிறது.

எட்டுத் தளத்துக்கு ஒரு தளம்

நடுத்தளங்கள் எட்டும் ஒன்று போலவே இருந்தால் ஒன்றை மட்டும் வரைந்து, அதன் ஸோன்களுக்கு 8 என்று பெருக்கெண் கொடுக்கலாம். மென்பொருள் அந்த ஸோனின் வெப்பச் சுமையை எட்டால் பெருக்கி ஏசி அமைப்புக்கு அனுப்பும். ஐம்பது ஸோன் பதினைந்தாகக் குறைகிறது. அமெரிக்க எரிசக்தித் துறையின் மாதிரிக் கட்டிடத் தொகுப்பில் உள்ள பெரிய அலுவலகமும் இப்படித்தான் இருக்கிறது: அடித்தளம் நீங்கலாக 12 தளம், நடுத்தளத்துக்குப் பெருக்கெண் 10.

தரைத்தளம் 0 முதல் 3.6 மீட்டர், உச்சித் தளம் 32.4 முதல் 36 மீட்டர். இடைப்பட்ட 28.8 மீட்டரின் நடுப்புள்ளி 18 மீட்டர் உயரத்தில் வருகிறது. எனவே நம் ஒற்றை நடுத்தளத்தை 16.2-லிருந்து 19.8 வரை, மேலும் கீழும் இடைவெளி விட்டு அந்தரத்தில் நிறுத்த வேண்டும். தரைத்தளத்தின் மேல் ஒட்டிவைத்துவிடக் கூடாது. உயரத்தைப் பொறுத்து எனர்ஜிபிளஸ் காற்றின் வேகத்தையும் வெளிவெப்பநிலையையும் மாற்றிக்கொள்வதுதான் காரணம். வெப்பநிலை மாற்றம் சொற்பம். 36 மீட்டருக்குக் கால் டிகிரிகூட வராது. காற்று அப்படியல்ல. நிலப்பரப்பு ‘நகரம்’ என்று கொடுத்து, வானிலை நிலையத்தில் நொடிக்கு 4 மீட்டர் காற்று என்றால், தரைத்தளச் சுவரின் நடுவில் அது ஏறத்தாழ 1 மீட்டர், உச்சித் தளத்தில் 2.7 மீட்டர். வெளிச்சுவர் எவ்வளவு வேகமாக வெப்பத்தை விடுகிறது என்பதை இது மாற்றும். இதோடு சேர்ந்த ஒரு செய்தி: காற்றுக்கசிவுக்கு இயல்பாக உள்ள கெழுக்கள், காற்று வேகத்தைப் பொருட்படுத்தாமல் நிலையான அளவையே தரும். உயரத் தளங்களில் கசிவு கூடுவது உங்களுக்கு முக்கியம் என்றால் அந்தக் கெழுக்களை நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

அந்தரத்தில் நிற்கும் தளத்தின் தரை, கூரை இரண்டையும் அடியாபாட்டிக், அதாவது வெப்பம் கடக்காத எல்லை என்று கொடுங்கள். தரைத்தளத்தின் கூரைக்கும் உச்சித் தளத்தின் தரைக்கும் அதையே கொடுங்கள். தரை, கூரை இரண்டுக்கும் முழு ஸ்லாப் கொடுத்தால் கான்கிரீட்டின் வெப்பக் கொள்ளளவு இருமுறை சேர்ந்துவிடாதா என்று சிலர் அஞ்சுவார்கள். சேராது. அடியாபாட்டிக் பரப்பின் இரு முகங்களும் ஒரே வெப்பநிலையில் இருப்பதாகக் கணக்கு நடப்பதால், 15 செ.மீ. ஸ்லாபில் பாதித் தடிமன்தான் அந்த அறைக்காக வேலை செய்கிறது. தரையில் பாதி, கூரையில் பாதி, ஆக ஒரு முழு ஸ்லாப். எனவே தடிமனைக் குறைக்க வேண்டாம்.

பெருக்கெண் எல்லா இடத்துக்கும் ஆகாது. எதிரே ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்று நிற்கிறது என்றால் அதன் நிழல் கீழ்த்தளங்களில் மட்டும்தான் விழும். அப்போது நடுத்தளங்களை நிழலில் உள்ளவை, நிழலுக்கு மேலே உள்ளவை என்று இரண்டு கூட்டமாகப் பிரித்து இரண்டு தளங்களை வரையுங்கள். கட்டிடமே எல் அல்லது யூ வடிவமாக இருந்தால் ஒரு சிறகின் நிழல் இன்னொரு சிறகில் விழ வேண்டும். நீங்கள் விட்ட இடைவெளி வழியே வெயில் புகுந்துவிடும். அந்த இடைவெளிகளை நிழல்தரும் பரப்புகளால் மூடுங்கள். தளங்களுக்கு இடையே காற்று ஏறி இறங்கும் இயற்கைக் காற்றோட்டத்தை ஆராய்கிறீர்கள் என்றால் பெருக்கெண்ணை விட்டுவிட்டு எல்லாத் தளத்தையும் வரைய வேண்டியதுதான். நான்கைந்து மாடிக்கு உட்பட்ட கட்டிடத்தையும் முழுதாகவே வரையச் சொல்வேன்; மிச்சமாகும் நேரம் அந்த அளவில் பெரிதல்ல, எல்லைகளைத் தப்பாகக் கொடுக்கும் வாய்ப்போ அதிகம்.

மாடிப்படியும் லிஃப்ட் குழாயும் ஏசி இல்லாத தனி ஸோன்கள். ஆரம்ப மாடலில் அவற்றை நடு ஸோனோடு சேர்த்துவிட்டாலும் பெரிய நட்டமில்லை. பல தளம் ஊடுருவும் ஏட்ரியம், அதாவது உயரமான திறந்த கூடம் மட்டும் தனியாகக் கவனிக்கத்தக்கது. அதை ஒரே உயரமான ஸோனாக வரைந்தால் அடியிலும் உச்சியிலும் ஒரே வெப்பநிலை என்றாகிவிடும்; உச்சியில் தேங்கும் வெப்பம் கணக்கில் வராது. தளவாரியாக வெட்டி, இடையே சுவருக்குப் பதில் காற்று மட்டும் உள்ள ‘காற்று எல்லை’ கொடுத்தால் நிஜ நிலைமைக்குச் சற்று நெருங்கலாம்.

உள்ளே நிரப்புவது

ஜன்னலை ஒவ்வொன்றாக வரைய வேண்டிய அவசியம் தொடக்கத்தில் இல்லை. சுவரில் இத்தனை சதவீதம் என்று திசைவாரியாகக் கொடுத்தால் போதும். நம் கட்டிடத்தின் வெளிச்சுவர் 4,680 சதுர மீட்டர்; 40 சதவீதம் என்றால் கண்ணாடி 1,872. மேலே ஜன்னல் மறைப்பு, பலகை எதுவும் இருந்தால் அதைக் கட்டாயம் சேருங்கள்.

கட்டுமான அடுக்குகளையும், ஆட்கள், விளக்கு, கருவி எந்த நேரத்தில் எவ்வளவு என்று சொல்லும் ஷெட்யூல்களையும் கட்டிடம் முழுவதற்கும் ஒரு தொகுப்பாகக் கொடுத்துவிட்டு, மாறுபடும் இடத்தில் மட்டும் தனியாக மாற்றுங்கள். உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் சுமார் 120 வாட் வெப்பம் தருகிறார். 10 சதுர மீட்டருக்கு ஒருவர் என்றால் தளத்துக்கு 100 பேர், 12 கிலோவாட், அதாவது சதுர மீட்டருக்கு 12 வாட். விளக்குக்கு 8 வாட், கருவிகளுக்கு 10 வாட் சேர்த்தால் முன்பு சொன்ன 30 வாட் வந்துவிடும்.

முதல் ரன்

ஏசி அமைப்பை இப்போதே வரையாதீர்கள். ஒவ்வொரு ஸோனுக்கும் ‘ஐடியல் லோட்ஸ்’ என்ற கற்பனை ஏசியை மட்டும் கொடுங்கள். அது கேட்ட குளிரை அப்படியே தந்துவிடும். எவ்வளவு தந்தது என்று நமக்குச் சொல்லும். வடிவத்திலும் சுமையிலும் உள்ள பிழைகள் இந்த நிலையில் தெளிவாகத் தெரியும். சில்லர் (நீரைக் குளிராக்கும் இயந்திரம்), பம்ப் எல்லாம் வந்த பிறகு எது எங்கிருந்து வருகிறது என்று பிரிப்பது கடினம்.

ரன் முடிந்ததும் முதலில் திறக்க வேண்டியது பிழைக் கோப்பு. ஃபேட்டல் என்றால் ரன் நின்றுவிட்டது. சிவியர் என்றால் ஓடியிருக்கலாம், ஆனால் முடிவை நம்பாதீர்கள். வார்னிங் எல்லாவற்றையும் ஒருமுறையாவது படியுங்கள். ஒட்டாத பரப்புகளும் மூடாத ஸோன்களும் பெரும்பாலும் அங்கேதான் எட்டிப்பார்க்கும்.

பிறகு கைக்கணக்கு. மொத்தத் தரைப்பரப்பு 10,000 சதுர மீட்டர் வருகிறதா? விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: 8 வாட் வீதம் மொத்தம் 80 கிலோவாட், ஷெட்யூல்படி ஆண்டுக்கு 2,500 மணி நேரம் முழுதாக எரிகிறது என்றால் 2,00,000 யூனிட். அறிக்கை அதைச் சுற்றியே காட்ட வேண்டும். 60,000 என்று காட்டினால் மூன்று தளம் மட்டும்தான் எண்ணப்பட்டிருக்கிறது, பெருக்கெண் போய்ச் சேரவில்லை.

அடுத்து தளங்களை ஒப்பிடுங்கள். வெயில் காலத்தில் சதுர மீட்டருக்கான குளிரூட்டும் சுமை உச்சித் தளத்தில் நடுத்தளத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் கூரை அடியாபாட்டிக்காக மாட்டிக்கொண்டிருக்கக் கூடும். நடுத்தளத்தில் நடு ஸோனுக்கு ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே சுமை வர வேண்டும். அது பருவத்தோடு ஏறி இறங்கினால் எங்கோ ஒரு பரப்பு வெளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மேற்கு ஸோனின் உச்சச் சுமை பிற்பகலில் வர வேண்டும். காலையில் வந்தால் வடக்குத் திசையைத் திரும்பப் பாருங்கள்.

இவையெல்லாம் சரியான பிறகு நிஜ ஏசி அமைப்பைப் பொருத்துங்கள். அதன் பிறகு, செட்பாயின்ட், அதாவது நாம் வைத்த வெப்பநிலை எட்டாத மணி நேரங்களைக் கவனிக்க வேண்டும். ஆஷ்ரே 90.1-ன் செயல்திறன் வழியில், அதாவது முழுக் கட்டிடத்தையும் மாடல் போட்டுக் காட்டும் வழியில் போகிறவர்களுக்கு ஆண்டில் 300 மணி நேரம் வரைதான் இடம்.

ஏற்கனவே இயங்கும் கட்டிடம் என்றால் மாதாந்திர மின்கட்டண ரசீதுகளோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஆஷ்ரே கைடுலைன் 14-ன்படி மாதக் கணக்கில் சராசரிச் சாய்வு (மாடல் மொத்தத்தில் ரசீதைவிட எவ்வளவு கூட அல்லது குறைய) 5 சதவீதத்துக்குள்ளும், சிதறல் (மாதத்துக்கு மாதம் எவ்வளவு விலகுகிறது) 15 சதவீதத்துக்குள்ளும் இருந்தால் மாடலை ஏற்கலாம். இந்த ஒப்பீட்டுக்கு ‘வழக்கமான ஆண்டு’ கோப்பு உதவாது. ரசீது எந்த ஆண்டுடையதோ அந்த ஆண்டின் உண்மையான வானிலைக் கோப்பை மாற்றிப் போட்டுவிட்டு ரன் கொடுங்கள்.